அந்தப் பொத்தானை மட்டும் தொடாதே!

உங்கள் வீட்டில் யாராவது அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறார்களா? அப்பாவோ, அக்காவோ, சித்தியோ? இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் மாதக் கணக்கு முழுவதையும் தானாகவே முடித்துக் கொடுக்கும் எக்செல் கோப்பு உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா?"

'இருக்கிறது' என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கூடவே இப்படியும் வரலாம்: "அது எப்படி வேலை செய்யுதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. எழுதினவர் எப்பவோ வேலைய விட்டுப் போயிட்டாரு. நாங்க பொத்தானை அழுத்துவோம், அவ்வளவுதான். வேற எதையும் தொடமாட்டோம்."

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது ஒரு நிரல் மொழி. பெயர் விஷுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ், சுருக்கமாக விபிஏ. 1993-ஆம் ஆண்டில் எக்செல் 5.0 பதிப்போடு வெளிவந்தது. உங்கள் வகுப்பில் யாரும் அப்போது பிறந்திருக்கமாட்டீர்கள். உங்கள் ஆசிரியர்களில் சிலர்கூடப் பிறந்திருக்கமாட்டார்கள். பைத்தான், ஜாவா என்றெல்லாம் பள்ளியில் பேசிக்கொண்டிருக்கும் இந்நாளில், இத்தனை பழைய மொழியைக் கற்றுக்கொள்ள ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கு நேரமும் பணமும் கொடுக்கலாமா? நாளைக்கு வேலைக்குப் போகப்போகிற நீங்கள் அதைக் கற்கலாமா?

'வேண்டாம்' என்று சொல்வோர் உலகெங்கும் நிறையப் பேர். நிரலாளர்களிடையே ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளம் ஆண்டுதோறும் ஒரு கருத்தாய்வு நடத்துகிறது. 'இந்த மொழியில் தொடர்ந்து வேலை செய்ய விருப்பமில்லை' என்று அதைப் பயன்படுத்துவோரே சொன்ன மொழிகளில், 2019-இலும் 2020-இலும் முதலிடம் விபிஏவுக்குத்தான். எனக்கு இதில் வியப்பில்லை. பிறர் எழுதிவிட்டுப் போன, குறிப்பு ஒன்றுமே இல்லாத நிரலைத் திருத்தும் வேலை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால், ஒரு மொழி பிடிக்கவில்லை என்பதும் அது தேவையில்லை என்பதும் வேறு வேறு.

முதலில் இந்த மொழியின் பரம்பரையைக் கொஞ்சம் பார்ப்போம். 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் பேசிக் என்ற மொழியை உருவாக்கினார்கள். அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க் என்ற விரிதாளை ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்டார்கள். 1983-இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. அதில், திரும்பத் திரும்ப அழுத்த வேண்டிய விசைகளை ஒரு கட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, வேண்டும்போது ஓடவிடலாம். இதுவே மேக்ரோ. விரிதாளும் பேசிக்கும் மேக்ரோவும் ஒரே வீட்டில் குடியேறிய கதைதான் 1993-இல் வந்த விபிஏ.

இது பரவியதற்குக் காரணம் அழகு அல்ல, வசதி. எக்செல் இருக்கும் கணினியில் விபிஏ ஏற்கெனவே இருக்கும். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, கணினிப் பிரிவிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். 'ரெக்கார்ட் மேக்ரோ' என்பதை அழுத்திவிட்டு வழக்கமான வேலையைச் செய்தால், எக்செல் உங்கள் பின்னாலேயே நின்று ஒவ்வொன்றையும் நிரலாக எழுதிவிடும். திரையை மேலும் கீழும் நகர்த்தியதைக்கூட விடாது! இப்படித்தான் கணினி படிக்காத கணக்குக் கிராணிகள் பலர் தாங்கள் அறியாமலேயே நிரலாளர் ஆனார்கள்.

இப்போது ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கிள்ளானில் 60 பாதுகாவலர்களை வேலைக்கு வைத்திருக்கும் சிறிய பாதுகாவல் நிறுவனம் அது. தொழிற்சாலைகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் ஆட்களை அனுப்பி, மாதக் கடைசியில் இன்வாய்ஸ் போடுகிறது. நிறுவனம் கற்பனைதான், இனி நான் சொல்லப்போகும் வரி விகிதங்களும் தேதிகளும் உண்மையானவை.

2015 ஏப்ரல் 1-இல் மலேசியாவில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி நடப்புக்கு வந்தது. அந்த அலுவலகத்தில் கெட்டிக்காரக் கிராணி ஒருவர் இருந்தார். வருகைப் பதிவைப் படித்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எத்தனை மணி நேரம் என்று கூட்டி, 6 விழுக்காடு சேர்த்து, இன்வாய்ஸ்களை அச்சிடும் மேக்ரோ ஒன்றை எழுதினார். இரண்டு நாள் வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. 2018 ஜூன் 1-இல் ஜிஎஸ்டி சுழியமானது. அவர் மேக்ரோவைத் திறந்து திருத்தினார். அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் சேவை வரி 6 விழுக்காட்டில் திரும்பி வந்தது, மறுபடியும் திருத்தினார். பிறகு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

2024 மார்ச் 1. பெரும்பாலான சேவைகளுக்குச் சேவை வரி 6-இலிருந்து 8 விழுக்காடானது. உணவு, தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், தளவாடச் சேவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் 6 விழுக்காடே நீடித்தது. பாதுகாவல் சேவை 8 விழுக்காட்டுப் பட்டியலில் இருக்கிறது. நம் நிறுவனம் இப்போது என்ன செய்யும்?

மாதம் 40,000 ரிங்கிட் சேவைக்கு இன்வாய்ஸ் போடும் வாடிக்கையாளர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மேக்ரோ 2,400 ரிங்கிட் வரி போடும். போட வேண்டியது 3,200 ரிங்கிட். வித்தியாசம் 800. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டித்தான் ஆகவேண்டும் என்பதால், வாடிக்கையாளரிடம் வாங்காமல் விட்டது முதலாளியின் பையிலிருந்து போகும். ஓராண்டுக்கு 9,600 ரிங்கிட். ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு!

"இதென்ன பெரிய விஷயம்? நிரலைத் திறந்து 6 இருக்குமிடத்தில் 8 போட்டால் முடிந்தது" என்கிறீர்களா? இங்குதான் கவனம் தேவை.

மேக்ரோவுக்குள் 6 எத்தனை உருவத்தில் இருக்கும் என்று பாருங்கள். வரியைக் கணக்கிடும் வரியில் 0.06 என்று இருக்கும். வரியோடு சேர்த்த மொத்தத்துக்கு 1.06 என்று இருக்கும். வரி உட்பட ஒரு தொகை கொடுக்கப்பட்டால், அதற்குள் வரி எவ்வளவு என்று பிரித்தெடுக்க 6/106 என்ற பின்னம் இருக்கும். 10,600 ரிங்கிட்டை 6/106-ஆல் பெருக்கினால் 600 வரும், சரிதானே? இதையெல்லாம் மாற்ற வேண்டும். ஆனால் 'ஆறாவது நெடுவரிசையிலிருந்து மணி நேரத்தைப் படி' என்ற கட்டளையிலும் ஒரு 6 இருக்கும். அதை மாற்றக்கூடாது. மாற்றினால் மேக்ரோ எட்டாவது நெடுவரிசையைப் படிக்கும். அங்கே பாதுகாவலரின் கைப்பேசி எண் இருக்கலாம்.

அவசரத்தில் ஒருவர் 'எல்லா 6-ஐயும் 8 ஆக மாற்று' என்று கட்டளையிட்டால், 60 பாதுகாவலர்கள் 80 ஆவார்கள், 26 வேலை நாள்கள் 28 ஆகும். இன்னொருவர் பாதி புரிந்துகொண்டு 6/106-ஐ 8/106 என்று மாற்றி வைப்பார். 10,800 ரிங்கிட்டில் அடங்கிய வரி 800 என்று வருவதற்குப் பதிலாக 815 ரிங்கிட் 9 சென் என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. இன்வாய்ஸ் அழகாக அச்சாகி வெளியே வரும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இந்த 6-களில் எது வரி, எது நெடுவரிசை என்று பிரித்தறிய நிரலை எழுதத் தெரிய வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்தால் போதும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லவரும் விஷயமும் அதுதான். விபிஏவில் புதிதாக எழுதுவது இன்று அவ்வளவு முக்கியமில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைப் படிக்கத் தெரிந்த ஒருவராவது அலுவலகத்தில் இருப்பது மிக முக்கியம்.

இன்னொரு புதிரும் அதே நிறுவனத்தில் காத்திருக்கிறது. 60 பேர், மாதம் 26 நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு வரிசை என்றால் மாதத்துக்கு 1,560 வரிசைகள். மேக்ரோ எழுதியவர் வரிசைகளை எண்ணும் மாறியை 'இன்டிஜர்' என்று அறிவித்திருக்கிறார். விபிஏவில் இன்டிஜர் என்பது 16 பிட் எண். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. அதாவது 2-இன் 15-ஆம் அடுக்கு கழித்தல் 1. இனி நீங்களே கணக்குப் போடுங்கள். 21 மாதங்களுக்கு 1,560 வீதம் 32,760 வரிசைகள். எல்லையைத் தொட இன்னும் ஏழே ஏழு பாக்கி. 22-ஆம் மாதத்தின் முதல் நாள் பதிவிலேயே 'ஓவர்ஃப்ளோ' என்ற செய்தியோடு மேக்ரோ நின்றுவிடும். 21 மாதம் ஒழுங்காக ஓடியது ஏன் திடீரென்று படுத்துக்கொண்டது என்று அலுவலகமே தலையைப் பிய்த்துக்கொள்ளும். வைரஸ் என்பார்கள்; கணினி பழசு என்பார்கள். படிக்கத் தெரிந்தவர் 'இன்டிஜர்' என்ற ஒரு சொல்லை 'லாங்' என்று மாற்றுவார். லாங் 214 கோடிக்கும் மேல் தாங்கும்.

மேக்ரோ நின்று போனது ஒரு வகையில் நல்லது. நிற்காமல் ஓடுவதுதான் ஆபத்து. 2020-இல் இங்கிலாந்தில் அதுதான் நடந்தது. கோவிட் பரிசோதனை முடிவுகளைத் திரட்டிய அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு, எக்செலின் பழைய கோப்பு வடிவம் ஒன்றைப் பயன்படுத்தியது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தாம் அடங்கும்; 2-இன் 16-ஆம் அடுக்கு. அதற்கு மேல் வந்தவை சத்தமின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுச் சம்பவங்கள் அன்றாட எண்ணிக்கையில் சேரவில்லை. அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. 2007 முதல் எக்செலின் புதிய வடிவத்தில் 1,048,576 வரிசைகள் உண்டு. 13 ஆண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்ட பிரச்சினை அது. பழைய வடிவத்தை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

விபிஏவில் சத்தமில்லாத ஆபத்து இன்னும் இரண்டு உண்டு. பைத்தானில் ஒரு மாறியின் பெயரைத் தவறாக எழுதினால், 'அப்படி ஒன்று இல்லையே' என்று நிரல் நின்றுவிடும். விபிஏ அப்படியில்லை. 'மொத்தம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மெத்தம்' என்று எழுதிவிட்டால், சரி, புதிதாக ஒரு மாறி போலிருக்கிறது என்று தானே உருவாக்கி, அதைச் சுழியமாக வைத்துக் கணக்கைத் தொடரும். 'ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்' என்ற கட்டளை முதல் வரியில் இருந்தால் மட்டுமே தடுக்கும். அடுத்தது, 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'. தவறு வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்பது இதன் பொருள். இந்தக் கட்டளை இருக்கும் மேக்ரோ, காய்ச்சலை மறைத்துக்கொண்டு பள்ளிக்கு வரும் மாணவனைப் போன்றது. போதாக்குறைக்கு, மேக்ரோ தாளில் செய்த மாற்றங்களை 'கன்ட்ரோல் இசட்' அழுத்தித் திரும்பப் பெறவும் முடியாது.

இவ்வளவு வம்பு எதற்கு, மொழியையே நீக்கிவிடலாமே? மைக்ரோசாப்ட் ஒருமுறை முயன்று பார்த்தது. மேக் கணினிகளுக்கான ஆஃபிஸ் 2008-இல் விபிஏ இல்லை. பயனீட்டாளர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்து வந்த ஆஃபிஸ் 2011-இல் விபிஏ திரும்பி வந்துவிட்டது. அதன்பின் நீக்கவும் இல்லை. பெரிதாக வளர்க்கவும் இல்லை.

ஆனால் கதவைக் கொஞ்சம் சாத்தியிருக்கிறார்கள். 1999 மார்ச்சில் பரவிய மெலிசா, வேர்ட் கோப்புக்குள் ஒளிந்து வந்த ஒரு மேக்ரோ வைரஸ். கோப்பைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலிலுள்ள முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டது. அதற்குப் பின்னும் இப்படிப்பட்ட தாக்குதல்கள் ஓயவில்லை. 2022 முதல், இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் உள்ள மேக்ரோக்களை ஆஃபிஸ் தானாகவே தடுக்கிறது. முன்பின் அறியாதவர் அனுப்பிய கோப்பு 'மேக்ரோவை இயக்கு' என்று கெஞ்சினால் கண்டிப்பாக இயக்காதீர்கள்.

மாற்று வழிகளும் வந்துவிட்டன. பல கோப்புகளிலிருந்து தரவைத் திரட்டிச் சீர்செய்ய எக்செலுக்குள்ளேயே பவர் குவெரி இருக்கிறது. மேக்ரோவில் எழுதப்பட்ட வேலைகளில் கணிசமானவற்றை அது நிரலே இல்லாமல் செய்துவிடும். இணைய உலாவியில் ஓடும் எக்செலுக்கு ஆஃபிஸ் ஸ்கிரிப்ட்ஸ் உண்டு. விபிஏ அங்கே ஓடாது, கைப்பேசியிலும் ஓடாது. கூகள் ஷீட்ஸுக்குத் தனி மொழி. 2023-இல் எக்செலுக்குள் பைத்தானும் வந்துவிட்டது. அதன் கணக்குகள் உங்கள் கணினியில் அல்ல, மைக்ரோசாப்டின் மேகக் கணினியில் நடக்கின்றன. எனவே, இன்று புதிதாகக் கடை திறக்கும் ஒருவர் 'இன்வாய்ஸ் போட மேக்ரோ எழுதட்டுமா?' என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மலேசியாவில் 2024 ஆகஸ்ட் முதல் கட்டங்கட்டமாக நடப்புக்கு வரும் மின் இன்வாய்ஸ் முறையில், இன்வாய்ஸ் அச்சானால் மட்டும் போதாது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்பு அதைச் சரிபார்க்க வேண்டும். 2015-இல் எழுதிய மேக்ரோ அதற்கெல்லாம் கனவிலும் தயாராக இல்லை.

அப்படியென்றால் நம் கிள்ளான் நிறுவனம் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய மென்பொருள் வாங்கலாமே? வாங்கலாம். வாங்கத்தான் வேண்டும். ஆனால், புதிய மென்பொருளை அமைக்க வருபவர் முதலில் என்ன கேட்பார் தெரியுமா? "மிகைநேரத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? பொது விடுமுறைக்கு என்ன விகிதம்? அந்த ஒரு தொழிற்சாலைக்கு மட்டும் ஏன் கட்டணம் குறைவு?" இதற்கெல்லாம் பதில் யார் தலையிலும் இல்லை. அந்த மேக்ரோவுக்குள்தான் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக நிறுவனம் தன் வழக்கங்களை எழுதி வைத்த ஒரே இடம் அதுவே. விபிஏவை விட்டு விலகுவதற்கும் விபிஏவைப் படிக்கத் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. கோவிட்டால் வேலை இழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துக் குவிந்தபோது நியூ ஜெர்சி மாநிலத்தின் பழைய கணினி அமைப்புகள் திணறின. 1959-இல் பிறந்த கோபால் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று ஆளுநர் ஃபில் மர்ஃபியே பகிரங்கமாக அழைப்பு விடுத்தார்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் விளக்கிவிடாதா என்று சிலர் நினைப்பீர்கள். ஒரு மேக்ரோவைக் கொடுத்தால், எந்த வரி என்ன செய்கிறது என்று அது சொல்லும். அது நல்ல உதவிதான். ஆனால் நிரலில் தனியாக நிற்கும் ஒரு 0.94-ஐப் பார்த்து, அது ஒரு வாடிக்கையாளருக்கு முதலாளி வாய்மொழியாகக் கொடுத்த 6 விழுக்காட்டுத் தள்ளுபடி என்று அதற்கு எப்படித் தெரியும்? அதை வரி என்று நினைத்து 0.92 ஆக்கினால் தள்ளுபடிதான் கூடும். சொன்ன விளக்கம் சரியா என்று பார்க்க நீங்களும் படித்தாக வேண்டும். சம்பளப் பட்டியலோடு கோப்பை அப்படியே வெளிச் சேவை எதிலும் ஏற்றிவிடாதீர்கள் என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறேன்.

உங்களுக்கு இது எவ்வளவு கடினம்? பள்ளியில் ஒரு நிரல் மொழியைத் தொட்டவர்களுக்கு அவ்வளவு கடினமில்லை. மாறி, நிபந்தனை, சுழற்சி எல்லாம் இங்கும் உண்டு. பைத்தானில் உள்தள்ளல் செய்யும் வேலையை இங்கே 'எண்ட் இஃப்', 'நெக்ஸ்ட்' போன்ற சொற்கள் செய்யும். பைத்தானில் பட்டியல் 0-இலிருந்து தொடங்கும். எக்செல் வரிசைகள் 1-இலிருந்து. முதல் மொழியாக இதைக் கற்காதீர்கள். பைத்தான் போன்ற ஒன்றில் கைபழகிய பிறகு, எஸ்பிஎம் முடிந்து கிடைக்கும் நீண்ட விடுமுறையில் இதற்குச் சில வாரங்கள் ஒதுக்கலாம். அதுவும் வணிகம், கணக்கியல் பக்கம் போக நினைப்பவர்கள் மட்டும்.

முயன்று பார்க்க விரும்பினால், விண்டோஸ் கணினியில் எக்செலைத் திறந்து காலியான புதிய கோப்பில் தொடங்குங்கள். அப்பாவின் அலுவலகக் கோப்பில் வேண்டாம். 'வியூ' பட்டியலில் உள்ள 'ரெக்கார்ட் மேக்ரோ'வை அழுத்தி, ஒரு கட்டத்தில் உங்கள் பெயரை எழுதித் தடித்த எழுத்தாக்குங்கள். பதிவை நிறுத்திவிட்டு ஆல்ட், எஃப் 11 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நிரல் சாளரம் திறக்கும். நீங்கள் செய்ததை எக்செல் எப்படி எழுதி வைத்திருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

அங்கேயே இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. எக்செல் கட்டம் ஒன்றில் 60 என்று எழுதி, அதைத் தேதியாக மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாளே கிடையாது. 100-ஆல் வகுபட்டு 400-ஆல் வகுபடாத ஆண்டு லீப் ஆண்டு அல்ல. லோட்டஸ் 1-2-3 செய்த அந்தத் தவற்றை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே எக்செல் அப்படியே எடுத்துக்கொண்டது. இப்போது நிரல் சாளரத்தில் கன்ட்ரோல் ஜி அழுத்தி, கீழே திறக்கும் பெட்டியில் 'சிடேட்' என்ற கட்டளையிடம் இதே 60-ஐக் கேளுங்கள். விபிஏ, 1900 பிப்ரவரி 28 என்று சரியாகச் சொல்லும். 61-ஐக் கொடுத்தால் இருவரும் மார்ச் 1 என்று சமாதானமாகிவிடுவார்கள். 59-ஐக் கொடுத்தால் என்ன ஆகும், ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.